ஊட்டிக் குளிரில் ஃபேஜ் தேடியபோது

ஆட்டின் அசைபோடும் வயிற்றில் வாழும் பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களைத்தான், அதாவது ஃபேஜ்களைத்தான், எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு எடுத்தேன். வீடு ஊட்டி, தெருமுனையில் கறிக்கடை. மாதிரிக்குக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டேன். இதே தலைப்பை எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கே கடையில் நின்றேன். கடைக்கார அண்ணன் போட்டியைக் கழுவும் முன் வயிற்றைக் கீறி, பச்சைச் சாற்றை ஃபிளாஸ்க்கில் பிழிந்து கொடுத்தார். ஆட்டுக்குள் 39 டிகிரியில் இருந்த சாறு, லேபுக்கு வருவதற்குள் ஜில்லென்று ஆகிவிட்டது. ஃபேஜ்கள் குளிரைத் தாங்கும். அவற்றை வளர்க்க நமக்கு வேண்டிய பாக்டீரியாக்கள் அந்த அளவு தாங்காது. அடுத்த முறை ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு போனேன். சாறு பிடிக்கும்போதுதான் அதைக் கொட்டினேன். சாற்றை விளிம்புவரை நிரப்புங்கள், காற்றுக்கு இடம் விடாதீர்கள்.

காற்றுதான் பெரிய எதிரி. பாக்டீரியா வளர்க்கும் ஊடகத்தில் ரெசாசுரின் என்ற சாயம் சேருங்கள். நிறமில்லாமல் இருந்தால் சரி. ரோஸ் நிறம் வந்தால் ஆக்ஸிஜன் புகுந்துவிட்டது. ஆக்ஸிஜனே ஆகாத ரூமினோகாக்கஸ் பாக்டீரியாவை எடுத்த எடுப்பில் தொட வேண்டாம். காற்றைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸில் முதலில் கை பழகட்டும்.

ஃபேஜ் இருந்தால், தட்டில் வளர்ந்த பாக்டீரியாப் பரப்பில் அது கொன்ற இடம் தெளிந்த வட்டமாகத் தெரியும். எனக்கு மூன்று வாரம் தட்டில் ஒன்றுமே தெரியவில்லை. சாற்றை நாலு மடிப்புத் துணியில் வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, 0.45 மைக்ரான் ஃபில்டரில் விட்டு, எல்லாம் முறைப்படிதான் செய்தேன். கோளாறு அகாரில் இருந்தது. 45 டிகிரியில் இளகலாக வைத்திருந்த மேல் அகாரை (பாக்டீரியாவும் ஃபேஜும் கலந்து தட்டில் ஊற்றும் ஜெல்லியை), டிசம்பர் குளிரில் மேசைமேல் கிடந்த தட்டில் ஊற்றினால், பரவும் முன்பே திட்டுத்திட்டாக உறைந்துவிடுகிறது. தட்டுகளை இன்குபேட்டரில் வைத்துச் சூடாக எடுத்து ஊற்றினேன். மறுநாள் காலை, மங்கலான பாக்டீரியாப் பரப்பில் குண்டூசித் தலையளவு தெளிந்த வட்டங்கள். மொத்தம் 11. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை எண்ணினேன்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வருவோம். ஃபேஜை 1915-இல் ட்வார்ட், 1917-இல் டெரெல் கண்டறிந்த வரலாற்றை ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். என்னை மடக்கிய கேள்வி வேறு: "வைரஸ் பாக்டீரியாவைக் கொன்றால் ஆட்டுக்கு நஷ்டம்தானே?" நான் ஆமாம் என்று பாதியில் நின்றுவிட்டேன். உடைந்த பாக்டீரியாவின் புரதம் அந்த வயிற்றிலேயே மற்ற நுண்ணுயிர்களுக்கு இரையாகிவிடும். சிறுகுடலுக்குப் போய் ஆட்டுக்குச் சேரும் புரதம் குறையும். இதுவரை நஷ்டம்தான். ஆனால் ஒரே இனம் பெருகி மற்றவற்றை அமுக்கிவிடாமல் தடுப்பதிலும் ஃபேஜுக்குப் பங்கு உண்டு. அப்புறம், எல்லா ஃபேஜும் உடனே உடைப்பதில்லை. சில, பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு சேர்ந்து பல தலைமுறை பதுங்கியிருக்கும். இந்த மூன்றையும் ஒரு படமாக வரைந்து விளக்கப் பழகிவிட்டு உள்ளே போங்கள்.