பனிமூட்டத்தில் ஆட்டோ லைட்டை நம்ப வேண்டாம்

இலங்கையில் வாகன இறக்குமதிக்கு இருந்த தடை 2025இல் தளர்ந்ததிலிருந்து மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கமும் ஜப்பானிலிருந்து வந்த புதுக் கார்கள் கண்ணில் படுகின்றன. அநேகமாக எல்லாவற்றிலும், இருட்டினால் தானாக எரியும் ஆட்டோ ஹெட்லைட் இருக்கிறது. ஜப்பானில் 2020 ஏப்ரலிலிருந்து புதிய மாடல்களுக்கும், 2021 ஒக்டோபரிலிருந்து ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். வெளிச்சம் 1,000 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கினால் டிம் லைட், அதாவது கீழ்நோக்கி அடிக்கும் ஹெட்லைட், இரண்டு செக்கனுக்குள் தானாக எரிய வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் லைட் போடாமல் வரும் வாகனங்களில் நடந்து போகிறவர்கள் அடிபடுவதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. தோட்டத்துப் பாதையில் மழைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு ஓரமாக நடந்து வரும் நம் ஆட்களுக்கும் இது பெரிய உதவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இங்கே பனி இறங்கும்போது கதை வேறு. டாஷ்போர்டின் மேலே, முன் கண்ணாடியை ஒட்டிச் சின்னதாக ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும், சில கார்களில் அது உள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். அதுதான் சென்சர். அதற்குத் தெரிந்தது வெளிச்சத்தின் அளவு மட்டும்தான், எதிரே எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது அதற்குத் தெரியாது. பிற்பகல் மூன்று மணிக்கு நானுஓயாவில் பனி மூடினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, ஆனால் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று வெளிச்சமாகவே இருக்கும், சென்சரும் பகல்தானே என்று சும்மா இருந்துவிடும். பகலில் முன்னால் எரியும் சின்ன லைட் உள்ள கார் என்றால் இன்னும் மோசம். அந்த லைட்டும் எரிகிறது, மீற்றரும் பளிச்சென்று தெரிகிறது, ஓட்டுபவர் எல்லா லைட்டும் எரிவதாக நினைத்துக்கொள்கிறார். பல கார்களில் அந்த நேரம் பின்பக்கம் ஒரு சிவப்பு லைட்கூட எரியாது. வெள்ளைக் காரோ சில்வர் காரோ என்றால் பின்னால் மரக்கறி ஏற்றி வரும் லொறிக்காரருக்கு அது கிட்ட வந்த பிறகுதான் தெரியும். அதனால் பனியைக் கண்டவுடன் லைட் சுவிட்சைக் கையால் திருப்பிப் போட்டுவிடுங்கள், மீற்றரில் பச்சை அடையாளம் வந்ததா என்றும் பாருங்கள்.

போடுவது டிம் லைட்டாக இருக்கட்டும். தூரத்துக்கு அடிக்கும் ஹை பீம் போட்டால் பனித்துளிகளில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும், பாதை இன்னும் மறையும். ஃபொக் லைட் இருந்தால் அதையும் சேர்த்துப் போடலாம். அப்புறம், பனிக்குள் ஹசாட் லைட்டை, அதாவது இரண்டு பக்கச் சிக்னலையும் ஒன்றாக, போட்டுக்கொண்டே ஓட்டும் பழக்கம் நம் பக்கம் நிறைய. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள், வண்டி நிற்கிறதா ஓடுகிறதா, எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று பின்னால் வருபவருக்கு ஒன்றும் புரியாது.

ஹை பீமையும் டிம்மையும் தானாக மாற்றும் ஆட்டோ ஹை பீமைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கமரா எதிரே வரும் ஹெட்லைட்டையோ முன்னால் போகும் வண்டியின் சிவப்பு லைட்டையோ பார்த்துத்தான் டிம் பண்ணும். நேரான ரோட்டில் சரி. ரம்பொடை வளைவுகளில் எதிரே வரும் பஸ் மலைத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை கமராவுக்குத் தெரியாது, திரும்பி முகத்துக்கு முகம் வந்த பிறகுதான் டிம் ஆகும். அதற்குள் அந்த பஸ் டிரைவருக்குக் கண் கூசிவிடும், அவருக்கு ஒரு பக்கம் பள்ளம். லைட் இல்லாமல் நடந்து வருபவரையும் பல கமராக்கள் கண்டுகொள்வதில்லை. நான் மலை ஏறும்போது அதை அணைத்துவிட்டு, வளைவுக்கு முன்னாலேயே கையால் டிம் பண்ணுகிறேன்; எதிரே வரும் வெளிச்சம் பாறையிலோ மரத்திலோ படுவது நமக்கு முன்கூட்டியே தெரியும்.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். டிக்கி நிறையச் சாமானும் பின் சீற்றில் மூன்று பேருமாக வந்தால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும், டிம் லைட்டே எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சில்லு ஒன்று இருக்கிறதா பாருங்கள். சில கார்களில் இது தானாகவே சரியாகிவிடும், உங்கள் காரில் அந்தச் சில்லு இருந்தால் பாரத்துக்கு ஏற்ப எண்ணைக் கூட்டினால் லைட் கீழே இறங்கும். கினிகத்தேனை ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே அதைத் திருப்பிவிடுங்கள்.