கையைப் பின்னால் கட்டிக்கொண்ட ஃபிட்டர்

மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, அமெரிக்காவிலிருந்து ஊருக்குத் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. சாப்பாட்டு மேசையில் மண்ணெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. வாடை அவருடையது, திட்டு எனக்கு.

எல்லாம் என் லீவர் துப்பாக்கியால் வந்தது. அடியில் இருக்கிற லீவர் என்ற கைப்பிடியைத் தள்ளி இழுத்தால் தோட்டா மாறுகிற ரகம். 1892-இல் ஜான் பிரவுனிங் வின்செஸ்டர் நிறுவனத்துக்காக வடிவமைத்த மாதிரியின் இக்கால நகல். வடிவமைத்தவர் மேதை. என்னுடையதைச் செய்து அனுப்பியவர்களோ கடைசிப் பந்தியில் பரிமாறுகிற அவசரத்தில் இருந்திருக்கிறார்கள். லீவரைக் கீழே தள்ளினால், தோட்டாவின் பின்னால் கதவு போல அடைக்கிற போல்ட் பின்னால் போக வேண்டும், சுடும்போது விழுந்து அடிக்கிற சுத்தி நிமிர வேண்டும், வெற்றுக் கூடு வெளியே தெறிக்க வேண்டும். திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போய், போல்ட்டின் இரண்டு பக்கமும் பூட்டுக் கட்டைகள் எழும்பி நிற்க வேண்டும். என்னுடையதிலும் இதெல்லாம் நடந்தது, கூட்டணிக் கட்சிகள் ஒரே மேடையில் உட்காருவது போல. சத்தம் மட்டும் அம்மியில் மணல் அரைபடுகிற சத்தம்.

மாமா 34 வருடம் ஃபிட்டராக இருந்தவர். வந்த நான்காம் நாளே வீட்டுக் கதவுக் கீல்கள் அனைத்தையும் சரிசெய்து முடித்துவிட்டார். ஐந்தாம் நாள் அடுத்த அறையிலிருந்து இந்தச் சத்தத்தைக் கேட்டவர், நாளிதழை மடித்து வைத்துவிட்டு வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, உள்ளே எங்கேயோ பிடிக்கிறது. கொடுங்கள்."

கொடுக்க முடியாது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, சுற்றுலா விசாவில் வந்தவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது, தோட்டாவும் கூடாது. வேட்டை உரிமம் போல ஒன்றிரண்டு விலக்குகள் உண்டு. மாமா சைவம்.

"பார்க்கலாமா?"

"பார்க்கலாம்."

"வாயால் சொல்லலாமா?"

"அதற்குத் தடை இல்லை, மாமா."

அது போதுமென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்த பத்து நாள் அவர் கைகள் முன்னால் வந்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

நான் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காருகிற இடம் காலிதானா என்று பார்த்து, அவர் சொல்லி மறுபடி பார்த்து, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். "வையுங்கள் கீழே" என்றார். அதன் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கிறதாம். அப்படிப்பட்டது திருகாணியின் காடியில் முழுதாக உட்காராமல் வழுக்கி, காடியைக் கிழித்துவிடுமாம். பக்கங்கள் இணையாகக் கடைந்த நுனி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்த் தூங்கிவிட்டார். முதல் நாள் வேலை அவ்வளவுதான். இரண்டாம் நாள் நான் அரத்தை எடுத்தேன். அன்றைய வேலையும் அவ்வளவுதான். அவர் என்னைப் பார்த்த பார்வையைக் கல்யாணத்தன்று பார்த்திருந்தால் நான் மேடை ஏறியிருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள்தான் உண்மையான பாடம். போல்ட்டின் பக்கங்களிலும் அது ஓடுகிற காடியிலும் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசச் சொன்னார். காய்ந்ததும் மாட்டி இருபது முறை லீவரை ஆட்டி, மறுபடி கழற்றினேன். பெரும்பாலான இடத்தில் மை அப்படியே இருந்தது. ஒரு மூலையில் மட்டும் எள்ளளவு வெள்ளி மின்னியது. அதற்குச் சற்றுத் தள்ளி நகக்கீறல் போல இரண்டு கோடுகள். இத்தனை இரைச்சலுக்கும் காரணம் அந்த எள்தான். "அதை மட்டும் தொடுங்கள். சுற்றி இருப்பது உங்களை ஒன்றும் செய்யவில்லை" என்றார். எண்ணெய்க்கல்லால் பிசிறு போகும்வரை, பிறகு 600 எமரித் தாள், பிறகு மறுபடி மை. சுத்தியின் வெட்டையும் விசை அதில் கொளுவுகிற முனையையும் தொடவே கூடாது என்றார். அங்கே கொஞ்சம் தேய்த்தாலும் விசையை அழுத்தாமலே சுத்தி விழலாம். பூட்டுக் கட்டைகள் தாங்குகிற முகங்களுக்கும் அதே விதி. துப்பாக்கியை வாழ்நாளில் கையால் தொடாதவர் இதைச் சொன்னார் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

பத்தாம் நாள், லீவரைப் போல்ட்டோடு பிணைக்கிற ஊசியைத் தட்டி எடுத்தபோது, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளுகிற ஸ்பிரிங் துள்ளிக் குதித்துக் காணாமல் போனது. அது துள்ளும் என்று ஊருக்கே தெரியும், நானும் படித்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரம் நான் தரையில் தவழ்ந்தேன். மாமா நின்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "துணியில் விழுந்த சத்தம்" என்றார். திரைச்சீலை மடிப்பில் இருந்தது. இருந்தும் எடுக்கவில்லை. "ஸ்பிரிங்கை நான் தொடலாமா?" என்று கேட்டார்.

அன்று இரவுதான் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். வரிசை எண் பொறித்த அந்த நடு உடல், அதாவது ரிசீவர், தனியாக இருந்தாலும் துப்பாக்கிதான். லீவர், ஸ்பிரிங், தோட்டாவை மேலே தூக்குகிற கேரியர் இவையெல்லாம் தனித்தனியே வெறும் இரும்பு.

காலையில் ரிசீவரை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். லீவரையும் கேரியரையும் ஒரு துணியில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினேன். மாமா முதலில் கை கழுவிவிட்டு வந்தார். கேரியரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு மதியம் வரை பேசவில்லை. நான் மூன்று நாளாகத் தேய்த்ததைவிட அவர் தேய்த்தது பாதிகூட இல்லை. பெரும்பாலும் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரும் பார்க்காத அடிப்பக்கத்தையும் துடைத்து எண்ணெயிட்டு வைத்தார். ஒன்பது வருடத்தில் என்னிடம் பேசியதைவிட அந்தக் கேரியரிடம் அப்பா அதிகம் பேசியிருக்கிறார் என்பது என் மனைவியின் கணக்கு.

போன சனிக்கிழமை சுடுகளத்துக்குப் போனேன். லீவரை இரண்டு விரலால் தள்ள முடிகிறது. பத்துத் தோட்டாவும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஏறின. இலக்கில் பட்டது நான்கு. பழியைப் போட இனிமேல் துப்பாக்கி உதவாது என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

நேற்று மாமா தொலைபேசியில் அழைத்தார். எத்தனை பட்டது என்று அவர் கேட்கவில்லை.

"சத்தம் எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை?"

காலிதானா என்று பார்த்துவிட்டு, தொலைபேசியைப் பக்கத்தில் வைத்து லீவரை ஒருமுறை ஆட்டினேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"இன்னொரு முறை. மெதுவாக."

ஆட்டினேன். அப்பாவிடம் பேச வேண்டும் என்று என் மனைவி பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"திரும்பி வரும்போது கடைசியில் லேசாக ஓர் இடத்தில் தட்டுகிறது. வலது பக்கம். மை பூசிப் பாருங்கள். நான் இருக்கிறேன்."