சயான் ஃபிளாட்டில் ஒரு சிறுவீடு

எங்கள் சின்னவள் பிறந்தது ஜனவரி மூன்றாம் வாரத்தில். பொங்கல் முடிந்து, கரும்புச் சக்கையை வாட்ச்மேன் பெருக்கித் தள்ளி, பள்ளிக்கூடங்களில் குடியரசு தின ஒத்திகை நடக்கிற நாட்கள். மும்பையில் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூப்பிட இதைவிடத் தோதான பருவம் கிடையாது. ஃபேன் போடாமல் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே ஹாலில் உட்கார முடியும். ஃபேன் ஓடவில்லை என்றால் காகித வேலை செய்யலாம். இந்தச் சின்னக் கணக்கை வைத்துத்தான் அவளுடைய ஐந்தாம் பிறந்தநாளை முழுக்கத் திட்டமிட்டேன்.

எங்கள் பில்டிங்கில் இப்போது பிறந்தநாள் என்றால் ஒரு ஆள் வந்து பலூன் வளைவு கட்டுவார், பின்னால் யூனிகார்ன் திரை தொங்கும், ஸ்பீக்கர் அலறும். பிள்ளைகள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, கேக் தின்று, ரிட்டர்ன் கிஃப்ட் பையோடு கிளம்பிவிடுவார்கள். யார் வீட்டு விசேஷத்தையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகளின் கைக்கு ஒரு வேலையும் இருப்பதில்லை. கை சும்மா இருந்தால் அடுத்தவன் தலையில்தான் போய் நிற்கும். ஒன் பிஎச்கே வீட்டில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

"என்ன தீம் வைக்கலாம்?" என்று நான் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தை, அதாவது என் மாமியார், கீரை ஆய்ந்தபடியே சொன்னார்: "எங்க ஊர்ல தை மாசம் பொட்டப்பிள்ளைகளுக்குத் தனியா ஒரு வீடே கட்டிக் குடுப்பாவல்லா. நீ என்னமோ தீமுங்கிற."

அத்தைக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சிறுவீட்டுப் பொங்கல் பற்றி அவர் முன்பும் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். மார்கழி மாதம் முழுக்கக் காலையில் வாசலில் கோலம் போட்டு, சாண உருண்டை பிடித்து, அதன் தலையில் பூசணிப்பூ செருகி வைப்பார்கள். அந்த உருண்டைகளைத் தினமும் பூவோடு தட்டிக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். தை பிறந்ததும் வீட்டுப் பிள்ளைகளுக்காக முற்றத்தில் களிமண்ணால் குட்டி வீடு கட்டுவார்கள். அதில் ஹால் உண்டு, அடுப்படி உண்டு, வாசல்படியும் உண்டு. சுவரில் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடிப்பார்கள். அந்த வீட்டின் முன்னால் சின்னப் பானையில் பிள்ளைகளை வைத்தே பொங்கல் பொங்குவார்கள். பிறகு சேர்த்து வைத்த வறட்டிகளை ஆற்றுக்குக் கொண்டுபோய், சூடம் ஏற்றி, தாமிரபரணியில் விட்டுவிட்டு வருவார்கள்.

சமையல், கைவேலை, விளையாட்டு, ஊர்வலம் எல்லாம் இதிலேயே இருக்கிறது. ஈவன்ட்காரரிடம் கேட்டால் இதற்குத் தனித்தனியாக நாலு பில் போடுவார்.

வீடு கட்டக் களிமண்ணுக்குப் பதில் அட்டைப்பெட்டி எடுத்துக்கொண்டோம். வாஷிங் மெஷின் வருகிற பெட்டி அளவுக்கு இருந்தால் ஒரு பிள்ளை உள்ளே போய் உட்காரலாம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். கதவு, ஜன்னல் வெட்டுகிற வேலையை முந்தின இரவே பெரியவர்கள் முடித்துவிட வேண்டும். பிளேடு பிள்ளைகள் கண்ணிலேயே படக்கூடாது. சுவர் பூசக் காவிப்பொடி. இங்கே ரங்கோலிக் கடைகளில் கேரு என்று கேட்டால் பொட்டலமாகத் தருவார்கள். தண்ணீரில் தயிர் பதத்துக்குக் கரைத்து, இரண்டு அங்குல பிரஷ் ஆளுக்கொன்று கொடுத்தேன். வெள்ளைப் பட்டைக்கு அரிசிமாவுக் கரைசல். அது ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, காயக்காயத்தான் வெள்ளை ஏறும். "ஆன்ட்டி, வரவே இல்ல" என்று இரண்டு பேர் திட்டுத் திட்டாக அப்பிக்கொண்டிருந்தார்கள். காய்ந்ததும் அந்தச் சுவர்தான் எல்லாவற்றையும் விட அழகாக இருந்தது.

ஆண் பிள்ளைகளை என்ன செய்வது என்று எனக்குச் சின்னத் தயக்கம் இருந்தது. ஊரில் இது பெண் பிள்ளைகளின் விசேஷம். அத்தை ஒரே வரியில் முடித்தார். "பயலுவ வீட்டப் பூசட்டும், தண்ணி செமக்கட்டும். ஊர்லயும் அண்ணன்மாருதான மண்ணு மிதிப்பானுவ."

பூசணிப்பூவுக்கு மஞ்சள் கிரேப் பேப்பர். பூசணிப்பூ ஐந்து மடல் உள்ள பூ, ஆகவே ஐந்து இதழ் போதும். கிரேப் பேப்பரில் கோடு கோடாகச் சுருக்கம் ஓடும் இல்லையா, அந்தக் கோடு இதழின் நீளவாக்கில் வருகிற மாதிரி வெட்டுங்கள். பிறகு இதழின் நடுவில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்தால் கிண்ணம் போலக் குழியும். குறுக்காக வெட்டினால் எவ்வளவு இழுத்தாலும் குழியாது. இதழ்களை வெட்டி வைப்பது என் வேலை, குழிப்பது அவர்கள் வேலை. ஐந்து வயதுக் கைக்கு அந்த இழுப்பு நன்றாக வருகிறது.

சாண உருண்டைக்குப் பதில் களிமண் உருண்டை. அந்த மண்ணையும் பானைகளையும் வாங்க தாராவி கும்பார்வாடாவுக்குப் போனேன். எங்களுக்கு எட்டுகிற தூரம்தான். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறைகளாக இருக்கிற இடம் அது. 90 அடி ரோட்டுப் பக்கமிருந்து உள்ளே நுழைந்தால் சந்து முழுக்க அகலும் பானையும் காய்ந்துகொண்டிருக்கும். பொங்கலுக்கு ஒரு பானை, பிள்ளைகளுக்குக் கையளவு குட்டிப் பானைகள் ஒரு டஜன், உடைந்தால் இருக்கட்டும் என்று மேலும் நாலு. சமைக்க என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பெயின்ட் அடித்த அலங்காரப் பானையை அடுப்பில் ஏற்றக்கூடாது. புதுப் பானையை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் மூழ்கப் போட்டு, மறுநாள் அதில் அரிசி கழுவிய தண்ணீரைச் சிறுதீயில் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். எடுத்த எடுப்பில் பெருந்தீயில் வைத்தால் விரிசல் விடும். இண்டக்ஷன் அடுப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் மண்பானையை மறந்துவிடுங்கள், அதில் சூடே ஏறாது.

பேசேஜில் நெருப்பு மூட்ட சொசைட்டியில் விடமாட்டார்கள். விடாததும் நியாயம்தான். அடுப்படி வாசலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள், அந்தப் பக்கம் நானும் அத்தையும் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பிள்ளையும் கை கழுவி வந்து பச்சரிசி ஒரு பிடி போட்டது. அவர்கள் ஒரு பிடி என்பது இரண்டு ஸ்பூன்தான். பன்னிரண்டு பேர் போட்டும் ஒன்றரைக் கப்புக்கு மேல் வரவில்லை. அதோடு கால் கப் பாசிப்பருப்பு. முதலில் பாலும் தண்ணீரும் பொங்கி வழியட்டும், அப்புறம் அரிசி. வெல்லம் கடைசியில்தான். அரிசி நன்றாகக் குழைந்து, அடுப்பைக் குறைத்த பிறகு பாகைச் சேர்க்க வேண்டும். கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துபோகலாம். இங்கே கிடைக்கிற கோலாப்பூர் வெல்லம் நிறம் வெளிர், இனிப்பு அதிகம். ஊர் மண்டைவெல்லத்துக்கு எடுக்கிற அளவில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பால் பொங்கினபோது குஜராத்தி, மராத்தி, தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியதில் மூன்றாம் மாடித் தாத்தா என்ன ஆச்சு என்று கதவைத் தட்டிவிட்டார். அவருக்கும் ஒரு தொன்னை.

ஆற்றில் விடுகிற சடங்குக்கு என்ன செய்வது? பக்கத்தில் மித்தி ஆறு இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் அந்த யோசனையைச் சொல்லமாட்டார்கள். பால்கனியில் பெரிய அண்டா நிறையத் தண்ணீர் வைத்தோம். காய்ந்த வறட்டி மிதக்கும், களிமண் மூழ்கும். அதனால் உருண்டையைச் சிறுவீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு, மேலே இருந்த காகிதப் பூவை மட்டும் ஆளுக்கொரு இலைத் தொன்னையில் வைத்து மிதக்கவிட்டார்கள். யார் படகு எதிர்க்கரையைத் தொடுகிறது என்று ஊதிப் பார்ப்பதே ஒரு விளையாட்டாகிக் கால்மணி நேரம் போனது.

இதற்கு நடுவில் எதிர்வீட்டு மராத்தி அம்மாவின் பங்கு. காக்கூ என்றுதான் கூப்பிடுவோம், மராத்தியில் சித்தி மாதிரி. மராத்தி வீடுகளில் மகர சங்கராந்தியிலிருந்து ரத சப்தமிக்குள் சின்னப் பிள்ளைகளுக்கு போர்நஹாண் செய்வார்கள். பிள்ளையைப் பலகையில் உட்காரவைத்து, ஆரத்தி எடுத்து, தலைக்கு மேலிருந்து இலந்தைப்பழம், பொரி, கரும்புத் துண்டு, பச்சைக் கொண்டைக்கடலை, எள்ளில் சர்க்கரை முள் முள்ளாகப் படிந்த ஹல்வா மிட்டாய் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். சுற்றி நிற்கிற பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கும். அந்த ஹல்வாவைக் கோத்தே கிரீடம், மாலை, வளையல் என்று நகை செய்து பிள்ளைக்குப் போடுவார்கள். ஜனவரியில் தாதர் மார்க்கெட்டில் போனால் கடை கடையாகத் தொங்கும். மேல்மாடித் தெலுங்கு வீட்டம்மா பார்த்துவிட்டு, "எங்க போகிப் பள்ளு மாதிரியே இருக்கே" என்றார். போகி அன்று அவர்களும் பிள்ளைகள் தலையில் இலந்தைப்பழம்தான் கொட்டுவார்கள்.

பிரச்சினை துணியில் வந்தது. சங்கராந்திக்கு மராத்தியர்கள் கறுப்பு உடுத்துவார்கள், போர்நஹாண் பிள்ளைக்கும் கறுப்புச் சட்டைதான். காக்கூ அன்போடு ஒரு கறுப்புப் பாவாடை தைத்துக் கொண்டுவந்துவிட்டார். நான் அத்தை முகத்தைப் பார்த்தேன். பிறந்தநாளும் அதுவுமாகக் கறுப்பா என்று கேட்கப்போகிறார் என்று இருந்தேன். அத்தை துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "கறுப்புன்னா கண்ணு படாதுலா. பொட்டு வைக்கிற வேல மிச்சம்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுக் கன்னத்தில் பொட்டும் வைத்தார்.

ஹல்வா கிரீடம் செய்வதைப் பிள்ளைகளிடமே விட்டோம். தங்க நிறச் சார்ட் பேப்பரில் பட்டை வெட்டிக் கொடுத்து, பசை தடவி, மிட்டாயை ஒட்டச் சொன்னோம். பசையைக் கடையில் வாங்காமல் மைதாவில் காய்ச்சினேன். ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர், கட்டி தட்டாமல் கரைத்து, கண்ணாடி போலத் தெளிகிறவரை கிண்டினால் போதும். ஒட்டுகிற மிட்டாயில் பாதி வாய்க்குத்தான் போகும் என்பது தெரிந்ததுதானே, வயிற்றுக்குள் போனாலும் மைதாதான். மறுநாளைக்கு வைத்தால் புளித்துப்போகும், அன்றே கொட்டிவிடுங்கள்.

கொட்டுகிற சாமான்களில் ஒரு எச்சரிக்கை. வந்தவர்களில் இரண்டு தம்பி தங்கைகள் மூன்று வயதுக்கும் கீழே. முழு வேர்க்கடலை, இலந்தைக்கொட்டை, முழு திராட்சை எல்லாம் அந்த வயதில் தொண்டையில் அடைக்கும். அவர்களை மடியில் பிடித்துக்கொண்டு பொரியை மட்டும் கையில் கொடுத்தோம். பலூன் வைக்காததற்கும் இதே காரணம்தான். வெடித்த ரப்பர் துண்டு எங்கே போகிறது என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது?

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மினி இட்லி, அதன் மேல் எள்ளு மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். மூன்று கப் இட்லி அரிசிக்கு முக்கால் கப் உளுந்து போட்டால் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் கூட வந்த அம்மாக்களுக்கும் தாராளம். ஜனவரியில் மாவு பொங்க நேரம் பிடிக்கும், முந்தின நாள் மாலையே ஆட்டி வைத்துவிடுங்கள். பச்சைச் சட்னி தடவிய வெள்ளரிக்காய் சாண்ட்விச். போர்நஹாணில் மிஞ்சிய பொரியில் வெங்காயம், தக்காளி, வேகவைத்த உருளைக்கிழங்கு போட்டு அம்மாக்களே பேல் கலந்துகொண்டார்கள். கேக் வேண்டும் என்று சின்னவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் தெருமுனை பேக்கரியில் அரைக் கிலோ. தட்டெல்லாம் இலைத் தட்டும் தொன்னையும்தான். 2018-லிருந்தே மகாராஷ்டிரத்தில் தெர்மாகோல், பிளாஸ்டிக் தட்டுகளுக்குத் தடை இருக்கிறது, 2022 ஜூலையிலிருந்து நாடு முழுவதும். எனக்கு அந்தத் தடையில் ஒரு வருத்தமும் இல்லை, தெர்மாகோலில் ரசம் ஊற்றிக் குடித்த கல்யாணங்கள் ஞாபகம் இருக்கிறது.

ரிட்டர்ன் கிஃப்ட் என்று தனியாக எதுவும் வாங்கவில்லை. கும்பார்வாடாக் குட்டிப் பானையில் ஆளுக்கொரு படம் வரைந்து, மண் நிரப்பி, ஊறவைத்த வெந்தயம் ஒரு ஸ்பூன் தூவிக் கையில் கொடுத்தோம். சில நாளில் முளை தலைகாட்டும், சாம்பாரிலோ சப்பாத்தியிலோ போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்த தைக்குச் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். காவி தரையில் பட்டால் ஈரத் துணியில் போய்விடும். துணியில் பட்டால் உடனே அலசினால் பாதி போகும், ஆகவே பழைய டீ-சர்ட்டோடு அனுப்பச் சொல்லி வாட்ஸாப்பில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் பட்டால் போகவே போகாது. எங்கள் ஹாலில் ஷூ ரேக்குக்கு மேலே ஐந்து விரலும் தெளிவாக ஒரு கை இருக்கிறது. யாருடையது என்று கேட்டால் பன்னிரண்டு பேரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள்.