ஆடிக் கச்சேரிக்கு முன் நான்கு வாரம்: ஒரு கிட்டார்க்காரனின் நாட்குறிப்பு

13 ஜூலை 2024, சனி

ஆகஸ்ட் 11 ஆடி ஞாயிறு. பெங்களூர் அல்சூரில் அம்மன் கோயில் தெருவில் காலையில் கூழ் வார்ப்பார்கள், இரவில் எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. போன வருடம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாமாவுக்கே கிட்டார் கேட்கவில்லை. இந்த முறை அப்படி விடக்கூடாது. அன்றன்று கண்டறிவதை இங்கே எழுதிவருகிறேன்.

மர்பி டவுன் வீட்டில் என்னிடம் இருப்பது 15 வாட் வால்வு ஆம்ப், கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி. கோலார் தங்கவயலில் தாத்தா வைத்திருந்த வால்வு ரேடியோவைப் போல இதுவும் ஸ்விட்சைப் போட்டவுடன் பேசாது, சூடேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். இன்று மாலை அதன் வால்யூமை, பலமாக மீட்டினால் மட்டும் ஒலி லேசாகக் கரகரக்கும் இடத்தில் நிறுத்தினேன். அதற்கு முன்னால் பூஸ்ட் பெடலை, அதாவது காலால் மிதித்தால் கிட்டாரின் சிக்னலைப் பெருக்கும் சின்னப் பெட்டியைப் போட்டேன். அதன் பெயர் எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப், ஒரே ஒரு குமிழ். முழுவதும் திருகினால் 26 டெசிபல், அதாவது உள்ளே வரும் மின்னழுத்தத்தை 20 மடங்காக்கித் தரும்.

சத்தம் 20 மடங்கு ஏறவில்லை, கொஞ்சம்தான் ஏறியது. ஆனால் ஒலி தடித்தது, ஒவ்வொரு சுரமும் கை எடுத்த பிறகும் நீண்டு நின்றது. வால்வு ஏற்கெனவே தன் எல்லையின் விளிம்பில் இருக்கிறது. அதற்கு மேல் சிக்னலைக் கொட்டினால் அலையின் உச்சி சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல மழுங்குகிறது. அந்த மழுங்கலில்தான் இனிமை பிறக்கிறது. 1960களில் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டியை வைத்து ராக் கிட்டார்க்காரர்கள் ரோரி கேலகரும் டோனி அயோமியும் செய்தது இதையே. அதில் இருப்பது ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்.

கிட்டாரின் வால்யூமை 6க்குக் குறைத்தால் ஒலி தெளிகிறது, 10க்கு ஏற்றினால் கொதிக்கிறது. ஒரு மணி நேரம் இதை மட்டும் செய்துகொண்டிருந்தேன். கச்சேரிக்கு இதுவே போதும் என்று இன்று நினைக்கிறேன்.

21 ஜூலை, ஞாயிறு

போதவில்லை. முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது.

ஒத்திகை அறையிலும் சரி, மேடையிலும் சரி, எனக்குக் கிடைப்பது மைக்செட் அண்ணன் கொண்டுவரும் டிரான்சிஸ்டர் ஆம்ப். அதே கிட்டார், அதே பெடல், அதே விரல்கள். பூஸ்டை மிதித்ததும் சத்தம் மட்டும் பாய்ந்து ஏறியது. இன்னும் திருகியதும் தகரத்தைக் கிழிப்பது போல ஒரு ஒலி. பாடும் அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

இரவு யோசித்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. டிரான்சிஸ்டர் ஆம்பின் நுழைவாயிலில் விளிம்பு என்று ஒன்று இல்லை. தாங்கும்வரை சுத்தமாகப் பெருக்கிக் கொடுக்கும், தாங்காத இடத்தில் அலையின் தலையை நேராகச் சீவிவிடும். நடுவில் மழுங்கும் கட்டமே கிடையாது. பூஸ்ட் பெடலுக்கு என்று தனியாக ஒரு ஒலி இல்லை, தனக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதைத்தான் அது பேசவைக்கிறது. எத்தனையோ வருடமாக மிதித்துவரும் பெடல். இதை இன்றுதான் உணர்ந்தேன்.

27 ஜூலை, சனி

மழுங்கும் வேலையை ஆம்ப் செய்யாது என்றால் பெடலே செய்தாக வேண்டும். என்னிடம் டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சை நிற ஓவர்டிரைவ் பெடல் (ஒலியைத் தானே கரகரக்கச் செய்வது) ஒன்று பல வருடமாக அலமாரியில் கிடக்கிறது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது அடிநாதத்தைத் தின்றுவிடுகிறது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இன்று அதைப் புரிந்துகொள்ளவே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போனேன். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் நடக்கும் தூரம். அந்தச் சந்துகளில் டயோடுகளைக் கடலை போலப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள்.

சிலிக்கான் டயோடு, ஜெர்மேனியம் டயோடு, சிவப்பு எல்இடி மூன்றிலும் சிலவற்றை வாங்கிவந்து, ஒரு ஐசியைச் சுற்றிச் சோதனைப் பலகையில் சர்க்யூட்டைக் கட்டினேன். ஓவர்டிரைவ் பெடலில் அலையை மழுங்கச் செய்வது இந்த டயோடுகள்தான். ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் திறந்து, அதற்கு மேல் அலையை உயரவிடாது. சிலிக்கான் சுமார் 0.6 வோல்ட்டில் திறக்கும், ஜெர்மேனியம் 0.3 வோல்ட் அளவிலேயே திறந்துவிடும், சிவப்பு எல்இடிக்கு 1.6 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். காதுக்கு அது அப்படியே கேட்டது. ஜெர்மேனியத்தில் சீக்கிரமே அமுங்கிப்போன, சத்தம் குறைந்த ஒலி. எல்இடியில் திறந்த ஒலி, விரலின் அழுத்தம் ஒவ்வொன்றும் தெரிகிறது, சத்தமும் அதிகம். இரண்டையும் விட சிலிக்கான் எனக்குப் பிடித்தது. ஸ்க்ரீமரில் இருப்பதும் சிலிக்கான்தான்.

அதன் சர்க்யூட்டில் இன்னொரு சங்கதி இருக்கிறது. டயோடுகள் இருக்கும் அந்தப் பகுதியில் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகப் பெருக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அது ஏறக்குறைய மழுங்காமலே கடந்துபோகிறது. அடியைக் குறைத்து, உச்சியையும் பின்னால் வடிகட்டி, நடுப்பகுதியை மட்டும் தூக்கி நிறுத்துகிற பெடல் இது. ஜப்பானில் நிஷின் ஒன்பா நிறுவனத்தின் சுசுமு தமுரா வடிவமைத்தார். 1970களின் கடைசியில் ஐபனேஸ் பெயரில் வெளிவந்தது. அடிநாதத்தைத் தின்கிறது என்று நான் குறை சொன்னதை அவர் வேண்டுமென்றே செய்திருக்கிறார்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

எல்லா வருடத்து ஒத்திகைகளையும் சேர்த்து எடைபோட்டாலும் இன்றைய மூன்று மணி நேரத்துக்கு ஈடாகாது.

எங்கள் குழுவில் அடிப்பகுதி முழுவதும் பேஸ் கிட்டாருக்கும் கீபோர்டு அண்ணனின் இடது கைக்கும் சொந்தம். உச்சியில் சிம்பல். அடியும் உச்சியும் நிரம்பிய என் அழகான வீட்டு ஒலி இவர்களுக்கு நடுவே போனால், எல்லோருமாக என்னை மூடிவிடுகிறார்கள். போன வருடம் மாமாவுக்குக் கேட்காததன் காரணம் சத்தக் குறைவே அல்ல. இன்று ஸ்க்ரீமரை மிதித்ததும், வால்யூமை ஏற்றாமலே, கிட்டார் பாட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்து, "இப்போதுதான் நீ வாசிப்பது என்னவென்று எனக்குத் தெரிகிறது" என்றார். எட்டு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவர் சொன்னது.

அடுத்து வரிசை. பூஸ்டை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் கரகரப்பு கூடுகிறது, சத்தம் அவ்வளவாகக் கூடவில்லை. டயோடுகள் தங்கள் அளவுக்கு மேல் விடுவதில்லை அல்லவா. பின்னால் வைத்தால் ஒலியின் குணம் மாறாமல் அப்படியே முன்னே வருகிறது. தனியாக வாசிக்கும் இடங்களுக்கு எனக்கு வேண்டியது இரண்டாவதுதான். ஆனால் அளவோடு. பத்து டெசிபல் ஏற்றினால் காதுக்கு இரு மடங்காகக் கேட்கும், அது பாடுபவரின் மேல் ஏறி மிதிப்பதற்குச் சமம். ஐந்து டெசிபல் போதும் என்று முடிவு செய்தோம். அந்த இடத்தில் குமிழுக்கு மேல் வெள்ளை ஒட்டுத்தாளில் கோடு போட்டுவிட்டேன்.

ப்ளூஸ் கிட்டார்க்காரர் ஸ்டீவி ரே வான் ஸ்க்ரீமரில் டிரைவை (கரகரப்பின் அளவு) குறைத்து லெவலை (வெளிவரும் சத்தம்) ஏற்றி வைப்பார் என்று இளம்வயதிலேயே தெரியும். அவர் அப்படி வைத்தது பெரிய வால்வு ஆம்புகளைத் தள்ளுவதற்காக. என் டிரான்சிஸ்டர் ஆம்புக்கு அதே கணக்கு ஒத்துவராது. டிரைவைப் பாதிக்கு ஏற்றி, லெவலைப் பெடல் இல்லாதபோது இருக்கும் சத்தத்துக்குச் சமமாக வைத்தேன்.

10 ஆகஸ்ட், சனி

மேடைக்கு மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வரும். இரண்டு பெடலையும், எதிரொலி தரும் டிஜிட்டல் டிலேயையும் ஒரே அடாப்டரில் கோர்த்தால் மெல்லிய கீச்சொலி எழுகிறது. ஓவர்டிரைவ் அதையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறது. டிலேக்கு மட்டும் அடாப்டர், மற்ற இரண்டுக்கும் 9 வோல்ட் பேட்டரி என்று பிரித்தேன். கீச்சொலி நின்றது. பெடலின் நுழைவாயிலில் ஒயரைச் செருகினாலே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும், விளக்கு எரிய வேண்டிய அவசியமில்லை. எல்லா ஒயரையும் கழற்றிவிட்டேன். இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு, நள்ளிரவுக்குப் பின்

காலையில் கூழும் முருங்கைக்கீரையும். மாலையில் தூறல், மைக்செட் அண்ணன் ஆம்பின் மேல் தார்ப்பாயைப் போர்த்தி வைத்திருந்தார். எட்டரைக்கு ஆரம்பித்தோம்.

நான்காவது பாட்டின் இடையிசை முழுக்கக் கிட்டார். பூஸ்டை மிதித்தேன். தெருவின் கடைசியில் ஸ்பீக்கர் கட்டியிருந்த கம்பத்திலிருந்து என் சுரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பேஸ் அடியில் இருந்தது, தபேலா அதன் இடத்தில் இருந்தது, நான் என் இடத்தில் இருந்தேன். பல்லவி திரும்பியதும் பூஸ்டை அணைத்தேன். அக்காவின் குரல் எந்தத் தடையும் இல்லாமல் மேலே ஏறியது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

முடிந்ததும் மாமா மேடைக்குப் பின்னால் வந்து அந்த இடையிசையை வாயால் பாடிக்காட்டினார், ஒரு சுரம்கூடத் தவறாமல்.

12 ஆகஸ்ட், திங்கள்

மேடையில் இருந்த நிலை, மறக்காமல் இருக்க: ஸ்க்ரீமர் டிரைவ் கடிகார முள் 12, டோன் 11, லெவல் 1. பூஸ்ட் அதற்குப் பின்னால், ஒட்டுத்தாள் கோட்டில். டிலே கடைசி.

மாலையில் வீட்டில் வால்வு ஆம்பைப் போட்டு, அது சூடேறும்வரை உட்கார்ந்திருந்து, பூஸ்டை மறுபடியும் முன்னால் மாற்றிக்கொண்டேன்.