சுருள் விரியும்போது நீளம் எங்கே போகிறது?

ஒரு நிகழ்ச்சியின் தலைப்புக் காட்சிக்காக, சுருட்டி வைத்த நீண்ட தாள் ஒன்று தரையில் உருண்டு விரிந்து, அதில் எழுதியிருக்கும் வரிகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும்படி ஒரு அனிமேஷன் செய்துகொண்டிருந்தேன். ஓடவிட்டுப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒளி, நிழல், தாளின் நிறம் என்று ஒவ்வொன்றாக மாற்றியும் அந்த உறுத்தல் போகவில்லை. கடைசியில் பிரேம் பிரேமாக நகர்த்தியபோதுதான் காரணம் பிடிபட்டது. சுருளின் வெளிச்சுற்றில் இருந்த எழுத்துகள் சற்று அகன்றிருந்தன. தரையைத் தொட்டுத் தட்டையானதும் அவை சுருங்கித் தம் உண்மையான அகலத்துக்கு வந்தன. தாள் ரப்பர்போல் நடந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து சுருளும் பொருள் எதைச் செய்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இதன் நீளம் எல்லா பிரேமிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான். சுருட்டலை நம்பவைப்பதும் கெடுப்பதும் அந்த ஒரே விஷயம் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரும்பாலான முப்பரிமாண மென்பொருள்களில் இதற்கு முதலில் கைக்கு வருவது வளைக்கும் டிஃபார்மர்தான், அதாவது பொருளின் வடிவத்தை மாற்றும் கருவி. சினிமா 4டியில் அதற்கு பென்ட் என்று பெயர். பிளெண்டரில் சிம்பிள் டிஃபார்ம் மாடிஃபையருக்குள் அதே பெயரில் இருக்கிறது. முறுக்குதல், கூம்பவைத்தல், வளைத்தல் ஆகிய மூன்றையும் கணித வடிவில் தந்தது 1984ஆம் ஆண்டு ஆலன் பார் எழுதிய ஆய்வுக் கட்டுரை. வளைப்பது எப்படி நடக்கிறது என்பதைச் சொற்களில் சொல்லிவிடலாம்: பொருளின் நீளவாக்கில் ஒரு புள்ளி தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்தத் தூரத்தை ஆரத்தால் வகுத்துக் கோணமாக மாற்றிவிடுகிறது, அந்தப் புள்ளி நடுத்தளத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த விலகலை ஆரத்தோடு கூட்டவோ கழிக்கவோ செய்கிறது. ஆகவே நடுத்தளத்தில் இருக்கும் புள்ளிகளுக்கு மட்டுமே நீளம் மாறாமல் இருக்கும். அதற்கு வெளியே இருப்பவை நீளும், உள்ளே இருப்பவை குறுகும். சினிமா 4டியில் ஒய் அச்சின் நீளத்தைக் காக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதைத் தேர்வு செய்யாமல் வளைத்தால் நடுத்தளமே நீண்டுவிடும் என்பதால், நான் அதைப் பார்த்த பிறகே கீஃபிரேம் (குறித்த நேரத்தில் ஒரு அளவு எவ்வளவு என்ற பதிவு) வைக்கிறேன்.

ஒரு சுற்றுக்குள் முடியும் வளைவுக்கு இவ்வளவு போதும். சிக்கல் 360 டிகிரியைத் தாண்டியதும் தொடங்குகிறது. வட்டத்தில் இரண்டாவது சுற்று முதல் சுற்றின் மேலேயே விழும். இரண்டு தளங்களும் ஒரே இடத்தில் மோதி, ரெண்டரில், அதாவது இறுதிப் படத்தில், கறுப்புத் திட்டுகள் மின்னத் தொடங்கும். இதற்கு எல்லோரும் கையாளும் ஒரு வழி உண்டு. வளைப்பதற்கு முன் தாளை மிகச் சிறிய கோணத்தில் சாய்த்துவிட வேண்டும். சாய்வினால் தாள் முன்னேற முன்னேறத் தளத்திலிருந்து விலகுகிறது. அந்த விலகல் வளைவுக்குப் பின் ஆரத்தின் வளர்ச்சியாக மாற, வட்டம் சுருளாகிவிடுகிறது. உள் ஆரம் 50 அலகு என்றால் ஒரு சுற்று ஏறத்தாழ 314 அலகு. சுற்றுக்கு 3 அலகு இடைவெளி வேண்டுமானால் 0.55 டிகிரி சாய்த்தால் போதும்.

நானும் இதைத்தான் செய்திருந்தேன், என் எழுத்துகள் அகன்றதும் இதனால்தான். 1000 அலகு நீளத் தாளின் வெளி விளிம்பு இந்தச் சாய்வில் ஏறத்தாழ 9.6 அலகு விலகியிருக்கும். கோணத்தைக் கணக்கிடும்போது டிஃபார்மர் 50 என்ற ஆரத்தையே எடுத்துக்கொள்கிறது, ஆனால் புள்ளியை வைப்பதோ 59.6 ஆரத்தில். அப்படியானால் வெளி விளிம்பில் தாள் 19 விழுக்காடு நீட்டப்பட்டிருக்கிறது. ஒற்றை நிறத் துணியில் இது தெரியாமல் போகலாம். எழுத்தோ கட்டமோ கோடோ இருக்கும் தாளில் தெரியாமல் போகாது.

சரியான வழி, கோணத்தை நீளத்திலிருந்தே கணக்கிடுவதுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆரம் சீராக வளரும் சுருளுக்கு ஆர்க்கிமிடிஸ் சுருள் என்று பெயர். உள் ஆரத்தின் வர்க்கத்தோடு, உள் முனையிலிருந்து அளந்த நீளத்தையும் தடிமனையும் (என் தாளில் சுற்றுக்கு விட்ட அதே 3 அலகு) பெருக்கி பையால் (π) வகுத்து வரும் எண்ணைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால், அந்த இடத்தின் ஆரம் கிடைக்கும். அந்த ஆரத்திலிருந்து உள் ஆரத்தைக் கழித்து, தடிமனை இரண்டு பையால் வகுத்து வரும் எண்ணால் வகுத்தால் கோணம் ரேடியனில் கிடைக்கும். இது மிகச் சிறிய பிழையுள்ள தோராயம். தடிமன் ஆரத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. என் தாளுக்கு இதைப் போட்டால் வெளி ஆரம் 58.8, சுற்றுகள் 2.93 என்று வருகிறது. பழைய வழியில் 3.18 சுற்றுகள் வந்திருந்தன. சரிபார்ப்பதற்கும் எளிய வழி இருக்கிறது. சுருளைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் வளையத்தின் பரப்பு, தாளின் நீளத்தைத் தடிமனால் பெருக்கி வரும் பரப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டும் 3000 என்று வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இந்தக் கணக்கை பிளெண்டரின் ஜியாமெட்ரி நோட்ஸில் சில நோடுகளை இணைத்தும், ஹௌதினி மென்பொருளின் பாயின்ட் ரேங்கிளில் ஒரு சில வரிகள் எழுதியும் அமைத்துவிடலாம்.

அடுத்தது அசைவு. சுருள் நகர்வதற்கு இரண்டு கீஃபிரேம், சுழல்வதற்கு இரண்டு கீஃபிரேம் என்று வைத்து, இரண்டையும் சீரான வேகத்தில் விட்டுவிடுவது வழக்கம். தொடக்கமும் முடிவும் சரியாகப் பொருந்திவிடுவதால் நடுவில் நடக்கும் தவறு மறைந்துகொள்கிறது. விரிய விரியச் சுருள் மெலிகிறது; மெலிந்த சுருள் அதே தூரத்தைக் கடக்க அதிகமாகச் சுழல வேண்டும். என் தாளின் முதல் 500 அலகு விரிவதற்குள் சுருள் 1.40 முறையும், அடுத்த 500 அலகுக்குள் 1.52 முறையும் சுழல வேண்டியிருக்கிறது. சீரான சுழற்சியில் விட்டால் நடுப்பகுதியில் தாள் ஏறத்தாழ 20 அலகு தரையில் வழுக்கும். பார்ப்பவருக்கு வழுக்குகிறது என்று சொல்லத் தோன்றாது. கனமில்லாத பொருள் என்று மட்டும் தோன்றும்.

இதனால் நான் கீஃபிரேம் வைப்பது ஒரே எண்ணுக்குத்தான்: இதுவரை விரிந்த நீளம். மீதமுள்ள நீளத்திலிருந்து சுருளின் ஆரம் வருகிறது. ஆரத்திலிருந்து அதன் மையம் தரைக்கு எவ்வளவு மேலே நிற்க வேண்டும் என்பது வருகிறது. விரிந்த நீளத்திலிருந்து தொடும் இடமும் சுழற்சியும் வருகின்றன. வேகத்தை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்க நினைத்தால் அந்த ஒரு வளைகோட்டை மட்டும் திருத்தினால் போதும், மற்றவை ஒன்றையொன்று விட்டுப் பிரியாது.

செக்மென்ட், அதாவது தாளைப் பிரிக்கும் நேர்த்துண்டுகளின் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1000 அலகு தாளை 20 செக்மென்ட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 50 அலகு. 50 ஆரத்தில் அது 57 டிகிரிக்கு மேல். அந்த நேர்த்துண்டு உண்மையான வளைவிலிருந்து 6 அலகு உள்ளே போய்விடும், சுற்றுகளுக்கு இடையிலான இடைவெளியோ 3 அலகுதான். ஒரு துண்டுக்கு 5 டிகிரி என்று வைத்தால் விலகல் 0.06 அலகுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. சுமார் 211 செக்மென்ட் தேவைப்படும். அகலவாக்கில் ஒன்றே போதும்.

ஏன் ஒன்றே போதும் என்பதற்கு 1827இல் கணிதவியலாளர் காஸ் நிறுவிய தேற்றம் விடை சொல்கிறது. நீளாமல் கிழியாமல் வளையும் தளத்தின் காஸ் வளைவு (ஒரு புள்ளியில் மிக அதிக, மிகக் குறைந்த வளைவுகளின் பெருக்கற்பலன்) மாறாது. தட்டையான தாளுக்கு அது சுழியம், வளைத்த பிறகும் சுழியமாகவே இருக்க வேண்டும். ஆகவே தாள் ஒவ்வொரு இடத்திலும் ஒரு திசையில் மட்டுமே வளையும். பக்கத்தின் மூலையைச் சுருட்டும்போதும் அது உருளை, கூம்பு போன்ற வடிவமாகத்தான் இருக்க முடியும். குழிந்த கிண்ணம்போல் ஆனால் அது தாள் அல்ல.

அசைவுப் படங்களைத் தொகுக்கும் ஆப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் சிசி பேஜ் டர்ன், சிசி சிலிண்டர் போன்ற எஃபெக்ட்கள் இருக்கின்றன. அவை படத்தின் மேல் நிகழும் வளைவுகள். காட்சியில் வேறு பொருள்மீது நிழல் விழவைக்க உதவாது. அதிலேயே சினிமா 4டி ரெண்டரரைத் தேர்ந்தெடுத்தால் லேயருக்கு வளைவு, செக்மென்ட் என்ற இரண்டு அமைப்புகள் திறக்கும். வளைந்த திரை, பதாகை போன்றவற்றுக்கு அது போதுமானது, பல சுற்றுச் சுருளுக்கு அல்ல.

கணக்கு முடிந்த பிறகு என் தாளுக்கு நான் சேர்த்தவை மூன்று. பின்பக்கத்துக்கு எழுத்தில்லாத, சற்று மங்கிய டெக்ஸ்சர். விளிம்புக்கு உண்மையான தடிமன். சுருள் தரையைத் தொடும் கோட்டில் அடர்ந்த நிழல். நெடுநாள் சுருட்டி வைத்த தாள் விரித்ததும் முழுவதுமாகப் படிந்துவிடாது என்பதற்காக, கடைசி 80 அலகுக்கு மட்டும் 300 ஆரத்தில் ஒரு மெல்லிய வளைவை விட்டேன். முனை தரையிலிருந்து ஏறத்தாழ பத்தரை அலகு உயரத்தில் நின்று, ஒருமுறை அசைந்து அடங்குகிறது.