நாடிக்குக் கீழ்க் கொழுப்பு: எடுப்பதா, விடுவதா?

நாடிக்கு, அதாவது மோவாய்க்கு, கீழே தொங்குவதெல்லாம் கொழுப்பு என்று சொல்ல முடியாது. கொழுப்பாக இருந்தாலும் அதில் ஒரு படையைத்தான் லைபோசக்ஷனால், அதாவது மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சும் சத்திரசிகிச்சையால், எடுக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு கொழும்புக்கு வெளிக்கிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். திருகோணமலையிலிருந்து இதற்காகப் போய்வந்தவர்களோடு, முதல் பரிசோதனையிலிருந்து சிகிச்சைக்குப் பிறகு நாடியைச் சுற்றிக் கட்டும் பட்டியைக் கழற்றும் நாள் வரைக்கும் கூட நின்று பார்த்ததை வைத்து எழுதுகிறோம். போனவர்களில் சிலர் செய்துகொண்டார்கள். சிலர் வேண்டாம் என்று திரும்பி வந்தார்கள். இரண்டு பேருக்குமே தேவைப்பட்டது ஒரே கேள்விக்கான விடைதான்: வீக்கம் எந்தப் படையில் இருக்கிறது?

கழுத்தின் முன்பக்கத்தில் தோலுக்குக் கீழே முதலில் ஒரு கொழுப்புப் படை இருக்கிறது. அதற்கு உள்ளே பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசைத் தகடு. தசைக்கும் அப்பால் இன்னொரு கொழுப்பு, பிறகு நாக்கையும் தாடையையும் அசைக்கும் தசைகள், இரண்டு பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பிகள். உறிஞ்சும் குழாய் வேலை செய்வது தோலுக்கும் பிளாட்டிஸ்மாவுக்கும் இடையில் மட்டும்தான். அதற்கு உள்ளே இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் கழுத்தைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை வேண்டும். அது வேறு அளவு, வேறு ஆபத்து, வேறு செலவு.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் நேராக நின்று, உங்கள் கண்ணையே பார்த்தபடி, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நாடிக்குக் கீழே உள்ள மடிப்பைக் கிள்ளிப் பிடியுங்கள். பிடியை விடாமல், கீழ்ப்பற்கள் தெரியும்படி வாயின் இரண்டு மூலைகளையும் கீழே இழுத்துக் கழுத்தை இறுக்குங்கள். தசைத் தகடு இறுகுவது விரலுக்குத் தெரியும். அப்போதும் மடிப்பு விரல்களுக்கிடையில் தடிப்பாக நின்றால் கொழுப்பு தசைக்கு மேலே இருக்கிறது. மடிப்பு நழுவி உள்ளே போய், கையில் வெறும் தோல் மட்டும் மிஞ்சினால் பிரச்சினை ஆழத்தில். இப்படி உள்ளவருக்கு எவ்வளவு கெட்டிக்கார வைத்தியர் உறிஞ்சினாலும் பெரிய மாற்றம் வராது.

அதே கிள்ளலில் தோலையும் பாருங்கள். கீழே இழுத்து விட்டவுடன் தோல் தன் இடத்துக்குப் போய்விட வேண்டும். மெதுவாகப் போனால், அல்லது ஒரு மடிப்பு நின்று பிறகு மறைந்தால், கொழுப்பை எடுத்த பிறகு தோல் சுருங்காமல் தொங்கும். வயதை விடத் தோலின் இழுவைதான் முக்கியம். 25 வயதில் 20 கிலோ குறைத்தவரின் தோலை விட, எடை மாறாத 48 வயதுக்காரரின் தோல் நன்றாக இருக்கலாம். கழுத்தை இறுக்காத நேரத்திலும் நடுவில் இரண்டு நரம்பு போல நாண்கள் தெரிந்தால் அது தசையின் விளிம்பு. கொழுப்பைக் குறைத்தால் அவை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

அடுத்தது பக்கவாட்டுப் படம். செல்பி உதவாது. கைநீட்டும் தூரத்தில் முகத்தின் அளவுகள் பிழையாக விழும், மேலிருந்து எடுத்தால் நாடி மறையும், கீழிருந்து எடுத்தால் இரட்டிக்கும். வேறொருவர் ஒன்றரை, இரண்டு மீற்றர் தள்ளி நின்று, போனை உங்கள் நாடி உயரத்தில் பிடித்து எடுக்கட்டும். முன்பக்கம், இரண்டு பக்கம், குனிந்து ஒன்று போதும். பக்கப் படத்தில் கீழுதட்டின் விளிம்பிலிருந்து நேரே கீழே ஒரு கோடு போடுங்கள். ஆண்களுக்கு நாடி நுனி அந்தக் கோட்டைத் தொடும், பெண்களுக்கு ஓரிரு மில்லிமீற்றர் பின்னால் நிற்கலாம். அதை விட நன்றாகப் பின்வாங்கியிருந்தால் உங்களுக்குக் குறைவது எலும்பு. நாடி எலும்பைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்துவதோ, அதில் பதிகருவி வைப்பதோ செய்யும் வேலையைக் கொழுப்பு உறிஞ்சல் செய்யாது. சிலருக்கு இரண்டும் சேர்த்துச் செய்தால்தான் சரிவரும்.

நாடியும் கழுத்தும் சந்திக்கும் கோணம் 105 முதல் 120 பாகைக்குள் இருந்தால் கழுத்து எடுப்பாகத் தெரியும் என்பது வைத்தியர்கள் கையாளும் கணக்கு. அந்தக் கோணத்தைத் தீர்மானிப்பதில் ஹையொயிட் எலும்புக்குப் பெரிய பங்கு. கழுத்தில் விரல் வைத்து எச்சில் விழுங்கினால், குரல்வளைக்கு மேலே ஏறி இறங்கும் சின்ன எலும்பு அது. அது தாழ்வாகவும் முன்னுக்கும் அமைந்தவர்களுக்குக் கூர்மையான கோணம் கிடைக்காது, கொழுப்பே இல்லாவிட்டாலும் கிடைக்காது. அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் மெலிந்த உடம்பிலேயே இப்படி இருக்கிறதென்றால் அதை ஒரு அடையாளமாக எடுங்கள். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் முட்டை போலத் தட்டுப்படுவது இறங்கிய உமிழ்நீர்ச் சுரப்பியாக இருக்கலாம். மேலே இருக்கும் கொழுப்பை எடுத்தால் அது துலங்கித் தெரியும், பிறகு மறைக்க முடியாது.

வருத்தம் ஏதும் இல்லை என்பதையும் உறுதிப்படுத்த வேண்டும். குடும்ப வைத்தியர் கழுத்தைத் தடவிப் பார்ப்பது இதற்குத்தான். விழுங்கும்போது மேலே ஏறும் வீக்கம் தைரொய்ட் கழலையாக இருக்கலாம். நாக்கை நீட்டும்போது நடுவில் ஏறும் உருண்டை பிறவிக் கட்டியாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் நிணநீர்க்கட்டியா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஸ்கான் செய்யாமல் அழகு சிகிச்சை பற்றிக் கதைக்கவே கூடாது. மூட்டு வருத்தத்துக்கும் ஆஸ்துமா முட்டுக்கும் ஸ்டீரொய்ட் மாத்திரை நெடுநாள் எடுப்பவர்களுக்கு முகமும் நாடியும் ஊதும். அது மருந்தின் விளைவு. பெரிய குறட்டை, பகலில் தூங்கி விழுதல், தடித்த கழுத்து மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லைபோசக்ஷன் அந்தக் குறட்டையைத் தீர்க்காது. மயக்க மருந்து கொடுப்பவருக்கும் இந்தத் தகவல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

எடை ஆறு மாதமாவது ஏறி இறங்காமல் நிற்க வேண்டும். ஆசியர்களுக்கு, உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி (பிஎம்ஐ) 23ஐத் தாண்டினாலே அவதானம் வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. 27.5க்கு மேலே இருப்பவர் முதலில் எடையைக் குறைத்துவிட்டு மீண்டும் கண்ணாடிக்கு முன்னால் வரட்டும். நாடிக்குக் கீழ்க் கொழுப்பும் சேர்ந்து குறைந்து, கேள்வியே இல்லாமல் போனவர்கள் உண்டு. பால் கொடுக்கும் தாய்மார் அதை முடித்து உடம்பு பழைய நிலைக்கு வரும் வரை பொறுப்பது நல்லது.

இங்கிருந்து போகிறவர்களுக்கு அடுத்த கேள்வி காலம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நாடியைச் சுற்றி இறுக்கப் பட்டி கட்ட வேண்டும், முதல் கிழமை பெரும்பாலும் இரவு பகலாக. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற சூட்டில் உப்புவெளியில் இருந்துகொண்டு அந்தப் பட்டியைக் கட்டியிருப்பது பெரிய கஷ்டம். வியர்வையில் தோல் சிவந்து புண்ணாகும், பொறுக்க முடியாமல் ஆட்கள் பட்டியைக் கழற்றிவிடுவார்கள், நீர் கட்டும். மழைக்காலம் பட்டிக்கு நல்லது, ஆனால் அதே காலத்தில்தான் டெங்கும் வருகிறது. 2017இல் கிண்ணியா பட்ட பாடு எங்கள் மாவட்டத்துக்கு மறக்காது. டெங்கில், குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகளின் எண்ணிக்கை இறங்கும். அதனால் காய்ச்சல் தொட்டால் திகதியைத் தள்ளுங்கள், முழுக் குருதிப் பரிசோதனையைச் சத்திரசிகிச்சைக்குக் கிட்டிய நாளில் எடுங்கள். இதோடு குருதி உறைவு, சீனி, தைரொய்டுக்கு டிஎஸ்எச் பரிசோதனைகளும் வேண்டும். சீனி வருத்தம் உள்ளவருக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியும் வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுகளுக்குத் தீக்காயமும் விபத்தும் பிளவுபட்ட உதடும்தான் வேலை. எனவே இது தனியார் சிகிச்சை. வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் நிபுணத்துவப் பயிற்சி முடித்தவரா என்று சனல் பண்ண முன்னமே பாருங்கள். இடம் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையில் பதிவானதா என்றும் கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். அழகுக்கலை நிலையத்தில் செய்கிறோம் என்று யாரும் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

நல்ல வைத்தியர் முதலில் கையால்தான் பார்ப்பார். "தங்கச்சி, கீழ்ப்பல்லுத் தெரியக் கழுத்தை இறுக்குங்கோ பாப்பம்" என்று சொல்லாமல், கிள்ளிப் பார்க்காமல், பக்கப் படம் எடுக்காமல் திகதி கொடுத்தால் அந்தச் சந்திப்பு போதாது. நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "டொக்டர், எனக்குக் கொழுப்பு தசைக்கு மேலயா, கீழயா? தோல் சுருங்குமா? எலும்பு சரியா? செய்யாமல் விட்டால் என்ன?" கடைசிக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரை நம்பலாம். சம்மதப் படிவம் உங்களுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். சிங்களமோ ஆங்கிலமோ ஓடாவிட்டால் ஓடுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

செய்முறை சிறியது. நாடிக்குக் கீழ் மடிப்பிலும், தேவைப்பட்டால் இரண்டு காது மடலுக்குப் பின்னாலும் 3, 4 மில்லிமீற்றர் வெட்டு. உப்பு நீரில் நன்றாக ஐதாக்கிய லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்தும் அட்ரினலினும் உள்ளே விடுவார்கள். அட்ரினலின் குருதிக் குழாய்களைச் சுருக்க 15, 20 நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் இரத்தக் கண்டல் கூடும். பிறகு 2, 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாயால் உறிஞ்சுவார்கள். வெளியே வரும் கொழுப்பு பெரும்பாலும் சில தேக்கரண்டிதான். அளவு கூடினால் நல்லது என்று நினைக்கக் கூடாது.

இந்த இடத்தில் அதிகம் கெடுவது கூட எடுப்பதால். தோலுக்கு அடியில் சில மில்லிமீற்றர் கொழுப்பை மெத்தையாக விட வேண்டும். அதையும் சுரண்டினால் தோல் தசையில் ஒட்டிக்கொண்டு, விழுங்கும்போது சுருக்கம் இழுக்கும், நடுவில் பள்ளம் விழும். பள்ளத்தை நிரப்புவது கொழுப்பை எடுப்பதை விடக் கடினம். தாடை விளிம்பில் ஓடும் நரம்பு நசுங்கினால் கீழுதடு ஒரு பக்கம் இறங்காமல் சிரிப்பு கோணும். பெரும்பாலும் கிழமைகளில், சில வேளை மாதங்களில் சரியாகும், ஆனால் அதுவரை ஆளைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள். எங்கள் நிறத் தோலில் வெட்டு கறுத்து நிற்கலாம். காது குத்திய இடத்தில் கீலொயிட் என்ற தடித்த தழும்பு வந்தவர் அதை முதல் சந்திப்பிலேயே காட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது கழுத்துக்குள் இரத்தம் கட்டுவது. ஒரு பக்கம் மட்டும் விறுவிறென்று வீங்கி இறுகினால், குரல் மாறினால், மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் பொறுக்கக் கூடாது. உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது கிட்டிய அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முதல் இரண்டு நாளில்தான் இது வரக்கூடிய வாய்ப்பு அதிகம். அதனால் அன்றிரவே ரயிலேறி ஊருக்கு வரும் யோசனையை விடுங்கள். ஹபரணைக் காட்டு வழியில் நடுச்சாமத்தில் கழுத்து வீங்கினால் யாரிடம் போவது? வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு, மூன்று இரவாவது தங்கி, வைத்தியர் மறுபடி பார்த்த பிறகு வெளிக்கிடுங்கள்.

அஸ்பிரின், இபுபுரூபன், மீனெண்ணெய் மாத்திரை போன்றவற்றை எப்போது நிறுத்துவது என்று வைத்தியர் சொல்வார். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. சிகரெட்டை நான்கு கிழமைக்கு முன்னமே விட வேண்டும். நோவுக்குப் பனடோல், வளர்ந்தவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 500 மில்லிகிராமில் இரண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு தலையணை வைத்துத் தூங்குங்கள். தோல் விறைத்திருக்கும் கிழமைகளில் சுடு ஒத்தடம் கொடுத்தால் சுடுவது தெரியாமல் பொக்களிக்கும். ஆண்கள் பிளேட்டை விட்டு ட்ரிமரைப் பிடியுங்கள். காயம் முழுதாக மூடும் வரை கடலும் கன்னியா வெந்நீரூற்றும் வேண்டாம். மூன்றாம், நாலாம் கிழமையில் உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்படும். அதைப் பார்த்துப் பயந்து போன் பண்ணுபவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் இளகிவிடும். உண்மையான உருவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். ஆவணியில் கலியாணம் என்றால் சித்திரையில் யோசிப்பது பிந்திவிட்டது, மாசிக்கு முன்னமே முடிந்திருக்க வேண்டும்.

கொழுப்புக் கரைக்கும் ஊசி பற்றியும் கேட்கிறார்கள். அந்த ஊசி மருந்தான டீஒக்சிகோலிக் அமிலத்துக்கு 2015இல் அமெரிக்காவில் நாடிக்கென்று அனுமதி கிடைத்தது. ஒரு தடவையில் ஒரு சென்டிமீற்றர் இடைவெளியில் பல குத்துகள், ஒரு மாதமாவது இடைவெளி விட்டு ஆறு தடவை வரைக்கும். ஒவ்வொரு தடவையும் நாடி பல நாள் ஊதி நிற்கும், தாடை விளிம்பில் ஓடும் அதே நரம்பும் பாதிக்கப்படலாம். அதுவும் தசைக்கு மேலே உள்ள கொழுப்புக்குத்தான், தோல் தொங்கினால் உதவாது. குப்பியில் பெயரும், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவும் இல்லாத எதையும் கழுத்தில் குத்த விடாதீர்கள்.

முற்பணம் கட்ட முன்னம் இரண்டு கிழமை பொறுங்கள். சத்திரசிகிச்சைக் கூடம், மயக்க மருந்து வைத்தியர், பட்டி, மருந்து, பிந்திய சந்திப்புகள் எல்லாம் சேர்த்த தொகையை எழுத்தில் வாங்குங்கள். மனம் மாறினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், மேடு பள்ளம் வந்தால் திருத்துவதற்குத் தனிக் காசா என்பதும் அதில் இருக்க வேண்டும். திருத்த வேலை ஆறு மாதத்துக்கு முன் செய்வதில்லை. வீக்கம் வடியாத கழுத்தில் எதைத் திருத்துவது என்று யாருக்கும் தெரியாது.