சாவா மூவாப் பேராடும் என் பாதி நாவலும்

சோழர் காலத்தில் நடக்கும் ஒரு மாயக்கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி தாண்டியாயிற்று. இதில் அரசர் வாள் சுழற்றுவதில்லை, இளவரசி ஓடத்தில் பாடுவதில்லை. கதாநாயகன் ஓர் இடையன். அவனிடம் 96 ஆடுகள் இருக்கின்றன. அவை சாவதில்லை, கிழடாவதும் இல்லை.

ஆடுகள் என் கற்பனை அல்ல, கல்வெட்டில் இருப்பவை. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு விடுவார்கள், சில ஊர்களில் 90. இடையன் அவற்றை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திர சூரியர் உள்ளவரை. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வந்து சேர்ந்துவிடும், மந்தை குறையக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் வரிசையாக விளக்குக் கொடைகளைப் படித்துக்கொண்டே போகும்போது, சரி, இதை எழுதியிருக்கிறபடியே நம்பினால் என்ன என்று தோன்றியது. அதன் பிறகு பறக்கும் பாம்பு, மந்திரக்கோல் எதுவும் தேவைப்படவில்லை.

விளக்கு வைத்தவன் யார் என்பதற்கும் கல்வெட்டே கை கொடுத்தது. வேட்டையில் குறி தவறி அம்பு ஆள்மேல் பட்டு அவன் செத்துவிட்டால், எய்தவனைக் கொல்லாமல், செத்தவனுக்காகக் கோயிலில் விளக்கு வைக்கச் சொன்ன தீர்ப்புகள் சோழர் காலத்தில் பல உண்டு. என் முதல் அத்தியாயம் அந்த அம்பில்தான் தொடங்குகிறது. செத்தவனுக்காக எரியும் விளக்கு, அதற்காகச் சாகாமல் இருக்கும் ஆடுகள். முடிச்சு தானாகவே விழுந்துவிட்டது.

ஆனால் மாயத்துக்கும் வரவு செலவு வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் அத்தியாயத்திலேயே கதை தொய்ந்துவிடும். ஆடு மூப்படையாது என்றால் அந்த மூப்பு எங்காவது போய்ச் சேர வேண்டுமே? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடு ஏற்ற இடையனோடு, அவனுக்காகப் பொறுப்பேற்கும் உறவினர் பெயரும் வரும். அதைப் பிடித்துக்கொண்டேன். என் கதையில் ஓலையில் பெயர் ஏறிய உறவினர்மேல் ஆடுகளின் வயது இறங்குகிறது. யார் மேல், எந்த வேகத்தில் என்பது மந்தையின் கணக்கைப் பொறுத்தது.

கணக்கு என்றதும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நான்கு உழக்கு ஒரு நாழி. நாளுக்கு ஓர் உழக்கு என்றால் ஆண்டுக்கு 90 நாழி, சொச்சம். அதை 96 ஆடுகளுக்குப் பங்கிட்டால் ஓர் ஆட்டின் தலையில் ஆண்டு முழுவதற்கும் ஒரு நாழிகூட விழவில்லை. மிஞ்சுகிற பால், குட்டி, எரு எல்லாம் இடையனுக்கு. கோயில் சுமையில் நசுங்கும் ஏழை என்று நான் மனதில் வரைந்திருந்த ஆள் இந்த ஒரு வகுத்தலில் காணாமல் போனான். இவனுக்கு லாபம் இருக்கிறது. தம்பி கிழவனாகிறான் என்று தெரிந்தும் மந்தையைத் திருப்பிக் கொடுக்க மனம் வராத ஆள் இவன். எனக்கு இவனைத்தான் பிடித்திருக்கிறது.

காலம் 1006. இராசராசனுக்கு இருபத்தொன்றாம் ஆட்சியாண்டு, தஞ்சைக் கோயில் 1010-இல்தான் முடியப்போகிறது. அந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வானம். 1006-ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் தென்வானில் ஒரு விண்மீன் வெடித்துப் பிரகாசித்தது. சீனர்கள் குறித்து வைத்தார்கள். எகிப்தில் அலி இப்னு ரித்வான், அது வெள்ளியைவிட இரண்டரை மூன்று மடங்கு பெரிதாகத் தெரிந்தது, நிலவொளியில் கால் பங்குக்கும் சற்று அதிகமாக ஒளி தந்தது என்று எழுதினார். சுவிட்சர்லாந்துப் பகுதியில் இருந்த செயிண்ட் காலன் மடத்துத் துறவிகளுக்கு அது தொடுவானத்தை ஒட்டித்தான் தெரிந்திருக்கும். காவிரிக் கரையிலோ தெற்கே 40 பாகை உயரத்துக்கு ஏறியிருக்கும். இரவெல்லாம் வெளியில் கிடக்கும் இடையன் கண்ணில் அது படாமல் போகுமா? சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்துக்கு இடையில் மூன்றாவதாக ஒரு வெளிச்சம் வந்து நிற்கிறது. கதையின் நடுப்பகுதி முழுக்க அந்த வெளிச்சத்தில்தான் நடக்கிறது.

பேச்சு மொழியில்தான் அதிகம் திணறினேன். “மன்னா, தங்கள் சித்தம்” வகை வசனம் இரண்டு பக்கத்துக்கு மேல் எனக்கே தாங்காது. பெரிய கோயிலில் இராசராசனின் உத்தரவு ஒன்று இருக்கிறது. நாம் கொடுத்ததும், அக்கன் கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றும் கொடுத்தார் கொடுத்ததும் கல்லிலே வெட்டுக என்கிறார். அக்காவை அக்கன் என்று சொல்லி, அலங்காரம் இல்லாமல், ஒரு வீட்டுக்காரர் பட்டியல் போடுகிற மாதிரி. கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரையான மெய்க்கீர்த்தியில் முழங்குகிற அதே அரசர்! அரசரே இப்படிப் பேசலாம் என்றால் கணக்கரும் இடையனும் ஏன் நீட்டி முழக்க வேண்டும்? இப்போது என் வசனங்கள் இப்படி இருக்கின்றன:

“நெய் குறைகிறதோ?” உழக்கின் அடியைத் தட்டிப் பார்த்தார் கணக்கர்.

“குறையவில்லை ஐயா. தம்பிக்குத்தான் பல் விழுகிறது.”

“அது நம் ஓலையில் இல்லை.”

விலக்குப் பட்டியல் ஒன்றும் வைத்திருக்கிறேன். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, புகையிலை எல்லாம் போர்ச்சுகீசியர் வந்த பிறகு. காரத்துக்கு மிளகு போதும். ‘ஒரு நிமிடம்’ கூடாது, நாழிகைதான், அதுவும் 24 நிமிடம் என்பதால் யாரும் சட்டென்று “ஒரு நாழிகை பொறு” என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பட்டியலைப் பெரிதாக்கிக்கொண்டே போவது எழுதாமல் தப்பிக்கச் சுகமான வழி. அதனால் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

இப்போது நிற்கும் இடம் ஊர்ச்சபை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டுகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகளைச் சொல்கின்றன. வயது 35-க்கு மேல், 70-க்குள். நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்ததுதான். எனக்கு வேண்டியது இன்னொரு விதி. சபையின் குழுவான வாரியத்தில் பதவி வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினர் பெயரும் குடத்தில் விழக் கூடாது. இங்கேயும் ஒருவன் வினை உறவினர் தலையில்! கோயில் நெய்க்கணக்கை மறைக்கும் சபை உறுப்பினர் ஒருவரை இதை வைத்தே உருவாக்கினேன். அவர் திருடியதே கொஞ்சம்தான். மகன், மைத்துனன் எல்லோருடைய பெயரும் போய்விடுமே என்ற பயத்தில் மறைப்பதுதான் பெரிதாகிக்கொண்டே போகிறது.

குடத்தில் கைவிட்டு ஓலை எடுப்பவன் விவரம் அறியாத சிறுவனாக இருக்க வேண்டும். அந்தச் சிறுவன் யார் என்று இன்னும் முடிவாகவில்லை, அத்தியாயம் அங்கேயே நிற்கிறது. அதுவரை பழைய பக்கங்களைச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். படித்துப் பார்த்த நண்பர், நாழி உழக்குக் கணக்கு வரும் மூன்று பக்கத்தை அரைப் பக்கமாக்கச் சொல்கிறார். ஒரு பக்கம்வரை இறங்கி வரலாம் என்று பேரம் நடந்துகொண்டிருக்கிறது.